டபுள் சர்க்கரையும் ஒற்றை விசிலும்

டீயைக் கலக்க மாட்டார். நான்கு கரண்டி சர்க்கரை போட்ட டம்ளர் கைக்கு வந்ததும் மேலே நிற்கிற டீயை மட்டும் நிதானமாக உறிஞ்சி முடிப்பார். அடியில் ஈர மணல்போல் படிந்திருக்கும் சர்க்கரையைப் பிறகு கரண்டியால் வழித்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் கரைய விடுவார். கடைசியாக டம்ளரைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு. ஒரு நாளைக்கு ஆறு ட்ரிப், ஆறு டீ. பஸ் நிலையக் கடையில் அவர் வாயைத் திறந்து சொல்வது "டபுள்" என்ற ஒரே சொல்தான். நாளடைவில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

இருபத்தேழு வருடமாக பஸ் ஓட்டுகிறார். கியருக்குப் பக்கத்தில் கிரீம் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் பிரித்தபடி கிடக்கும். இருக்கையை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் ஸ்டியரிங் வயிற்றில் உரசும். இறங்கி நடப்பதென்றால் டீக்கடை வரைக்கும்தான்.

அவருடைய கண்டக்டர் ஈர்க்குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல இருப்பார். நான்கு வருடத்துக்கு முன்னால், கடையில் எல்லோரும் நிற்கும்போது அந்த ஆள் கேட்டுவிட்டார்.

"அண்ணே, டீயில சர்க்கரை போட்டீங்களா, சர்க்கரை மேல டீ தெளிச்சீங்களா? டெப்போ கக்கூஸ்ல நீங்க போன இடத்துக்கு எறும்பு வரிசை கட்டி வருதுண்ணே!"

கடையே குலுங்கிச் சிரித்தது. டபுளுக்கு முகம் கறுத்தது.

"உனக்கு வாய் எதுக்கு இருக்கு? விசில் ஊத. அதோட நிறுத்திக்க. இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசின, பல்லு இருக்காது."

கண்டக்டர் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே விசில் மட்டும்தான். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ.

வீட்டிலும் சமாதானம் இல்லை. மனைவி உப்பில்லாமல் அவித்த காய்கறியை டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். அவர் அதை டெப்போ நாய்க்குக் கொட்டுவார். மூன்றாம் நாளே டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் நாய் எழுந்து போக ஆரம்பித்தது.

"காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லப் போறாரு, பாருங்க. அப்புறம் பிரேக்கை எதால மிதிப்பீங்க?"

"உன் நாக்கு இருக்கே, போதாது?"

அவருக்கு பயமே இல்லை என்றில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் மருத்துவச் சோதனைக்கு மட்டும் பயந்தார். அதில் தோற்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் அதற்கும் வழி வைத்திருந்தார். சோதனைக்கு முந்தைய மூன்று நாள் டீ கிடையாது, பிஸ்கட் கிடையாது. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு டெப்போவை வேர்க்க வேர்க்கச் சுற்றி வருவார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் ஒழுங்காக நடந்துகொள்ளும். கண் சோதனைக்கு இருக்கும் எழுத்துப் பலகை பல வருடமாக மாறாத ஒன்று. கடைசி வரி வரைக்கும் அவருக்கு மனப்பாடம்.

"வருஷத்துல மூணு நாள் யோக்கியனா இருந்தாப் போதும்டா. மீதி நாள் நம்மளது," என்று மற்ற டிரைவர்களுக்குப் பாடம் வேறு நடத்துவார்.

போன ஒரு வருடமாகக் கண்டக்டர் மேல் இன்னொரு ஆத்திரம் சேர்ந்தது. ஸ்டாப் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த ஆள் விசிலை ஊதிவிடுகிறார்.

"வேணும்னே ஊதுறான்," என்று மனைவியிடம் பொருமினார். "பிடரியிலயே ஊதுறான். என்னை வெறுப்பேத்தணும், அவ்வளவுதான்." நகரசபையையும் விடவில்லை. "ஸ்டாப் போர்டுக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடிக்க வக்கில்ல. எல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு."

இந்த வருடமும் மூன்று நாள் வெள்ளரிக்காயோடு கழித்துவிட்டுப் போய்க் கையை நீட்டினார். ரத்தம் எடுத்த பெண் ஊசியைத் தட்டில் வைத்தபடி சொன்னாள்.

"பட்டினியா வந்திருக்க வேண்டியதில்ல சார். இந்த வருஷம் டெஸ்டை மாத்திட்டாங்க. மூணு மாசமா உடம்புல எவ்வளவு சர்க்கரை ஓடுச்சுன்னு இது காட்டிடும்."

"மூணு நாளா?"

"மூணு மாசம் சார்."

வெள்ளரிக்காய் மூன்று மாதத்துக்கு எட்டவில்லை. முடிவைப் பார்த்த டாக்டர் எழுத்துப் பலகை பக்கமே போகாமல், கண்ணில் மருந்தை விட்டு, விளக்கடித்து உள்ளே பார்த்தார்.

"எவ்வளவு நாளா மங்கலாத் தெரியுது?"

"மங்கலா இல்ல சார். போர்டுலதான் பெயிண்ட் போயிடுச்சு."

"பெயிண்ட் போர்டுலதான் இருக்குய்யா. உம்ம கண்ணுக்குள்ள ரத்தக் குழாயெல்லாம் கசியுது. ஒரு நாள்ல, ஒரு மாசத்துல வந்த வினையில்ல, வருஷக்கணக்கா சர்க்கரை செஞ்ச வேலை. இனிமே நீர் பஸ் ஓட்டக் கூடாது."

டபுள் நேராக டெப்போ ஓய்வறைக்குப் போனார். கண்டக்டர் தோல்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீதானடா போட்டுக் கொடுத்த? டெஸ்டை மாத்தச் சொன்னது நீதான?"

கண்டக்டர் தலை நிமிர்ந்தார். "நாலு வருஷத்துல நான் வாயைத் தொறந்து பாத்தீங்களா?"

"வாயைத் தொறக்காமலே கழுத்தறுக்கிற ஜாதிடா நீ!"

கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐம்பது தாண்டிய டிரைவர்கள் எல்லோருக்கும் புதுச் சோதனை என்ற அறிவிப்பு இரண்டு மாதமாக அந்த அறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டபுள் அதைப் படித்திருக்கவில்லை.

இப்போது அவருக்கு டெப்போ வாசலில் குறுக்குக் கம்பத்தை வண்டிகளுக்காகத் தூக்கி இறக்கும் வேலை. கடையில் இன்னமும் "டபுள்" என்கிறார். மனைவி சொல்லிவைத்தபடி கடைக்காரர் வெறும் டீயை நீட்டுகிறார். தன் பழைய பஸ் கடந்து போகும்போது அவர் கம்பத்தைத் தூக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், படிக்கட்டில் நிற்கிறவரைப் பார்க்கக் கூடாதென்று.

பின்னால் தெரிய வந்தது இது. புது டிரைவர் ஏறிய முதல் வாரம் முழுக்க அந்த பஸ் எல்லா ஸ்டாப்புக்கும் பாதித் தெரு முன்னாலேயே நின்றது. ஜனங்கள் திட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறினார்கள். வாரக் கடைசியில் புது டிரைவர் பொறுக்க முடியாமல் திரும்பிக் கேட்டிருக்கிறார்.

"என்னண்ணே, ஸ்டாப் எங்க இருக்கு, நீங்க எங்க ஊதுறீங்க?"

"ஒரு வருஷமா இங்க ஊதினாத்தான்ப்பா வண்டி அங்க நிக்கும்," என்றாராம் கண்டக்டர். "பழகிப்போச்சு."