மூன்று படங்களுக்கு நடுவில் விழுந்தவர்

1. மெஷின் வந்து இறங்கியது

நான் கார்ட்டூன் படத்தில் வேலை செய்தவன் என்றால் இப்போது அனிமேஷன் படிக்கிற பிள்ளைகள் நம்புவதில்லை. தர்மபுரியில் ஏது சார் ஸ்டுடியோ என்று சிரிக்கிறார்கள். இருந்தது. எண்பதுகளின் கடைசியில், ஊருக்கு வெளியே ஒரு பழைய நெல் குடோனில். கூலி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பெங்களூர் கம்பெனி ஒன்று அதைப் பிடித்துப்போட்டிருந்தது. அதுவரை தியேட்டர்களுக்கு இடைவேளை ஸ்லைடு எழுதிக்கொண்டிருந்த என்னை இன்பிட்வீனர் ஆக்கினார்கள். ஒரு அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் பெரிய ஆர்ட்டிஸ்ட் வரைவார். நடுவில் வரும் படங்களையெல்லாம் இன்பிட்வீனர் வரைய வேண்டும்.

முதல் நாளே டெம்போவில் பீரோ உயரத்துக்கு ஒரு வீடியோ கேம் மெஷின் வந்து இறங்கியது. இரண்டு பேர் அடித்துக்கொள்கிற சண்டை கேம். பெங்களூரில் இந்த மெஷின்களைக் கடை கடையாக வாடகைக்கு விடும் சேட்டு ஒருவருக்கு, இதே சண்டையைக் கார்ட்டூனாக்கி கேசட் போட்டு விற்க ஆசை.

மேனேஜர் ராவ் எங்களைக் கூப்பிட்டு, "கேம்ல இருக்கற மாதிரியே ஆகணும். ஆனா கேம் மாதிரி தெரியக் கூடாது" என்றார். எப்படி என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. மேனேஜர் அல்லவா, தெரியாது என்று சொல்லவும் மாட்டார்.

கேமில் ஒருவன் அடிபட்டு விழுவதற்கு மூன்றே படங்கள். தலை பின்னால் போகும், முதுகு வளையும், அடுத்து தரையில் கிடப்பான். விளையாடுகிறவனுக்கு அது போதும். அவன் கை பட்டனில் இருக்கிறது, கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்து பார்க்கிறவனுக்குப் போதாது. முழங்கால் எப்போது மடங்கும், கை எதைப் பிடிக்கத் தேடும், உடம்பில் எது முதலில் தரையைத் தொடும் என்பதெல்லாம் மெஷினில் கிடையாது. நான் யோசித்து யோசித்து வரைந்ததை ராவ் தூக்கிப் போட்டார். "மூட்டை விழற மாதிரி இருக்கு. ஒரு ஆளை விழ வெச்சுப் பார்த்து வரை."

2. வைக்கோல் மெத்தை

அப்படி வந்தவர்தான் மாதையன். மாரண்டஹள்ளியில் தக்காளிக் கூடை ஏற்றி இறக்குகிறவர். கபடியில் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்பேன். அவர் என்னை ஆர்ட்டிஸ்ட்டு என்பார்.

வைக்கோல் திணித்த மெத்தையில் அவர் விழுவார். கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் அதை எடுப்பார். அப்புறம் டிவியில் ஓடவிட்டு, நிறுத்தி, திரைமேல் டிரேசிங் பேப்பரை வைத்து நான் கோடு எடுப்பேன். நின்ற படம் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் என் படங்களில் முதன்முறையாக எலும்பு தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன்.

ராவுக்குத் திருப்தி இல்லை. "மெத்தையில உடம்பு அமுங்குது. கேம்ல அப்படியா விழறான்? மெத்தைய எடுத்துடுங்க."

"சிமெண்ட் தரைங்க சார். ஆளு போயிடுவாருங்க" என்றேன்.

"நீ வரையறதைப் பார்."

மாதையனே என்னை அடக்கினார். "வுடு ஆர்ட்டிஸ்ட்டு. கபடில நான் வுழாத வுழுவா? மெத்த மேல வுழுறது எனக்கே வெக்கமா இருக்குது."

ராவ் அவரிடம் ஒன்று சொன்னார். "நான் கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. செத்தவன் மாதிரி கிடக்கணும்."

மாதையன் விழுந்தார். பின்னந்தலையும் முதுகும் தரையில் பட்ட சத்தம் குடோன் முழுக்கக் கேட்டது. அவர் அசையவில்லை. "சென்னாகிதே! ரொம்ப நல்லா இருக்கு, அப்படியே இரு" என்றார் ராவ். கேமரா ஓடியது. நாங்கள் மூச்சுக் காட்டாமல் நின்றோம், படம் கெட்டுவிடக் கூடாதே என்று. சொன்ன பேச்சைக் கேட்டுக் கிடக்கிறார் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தோம்.

கட் சொன்ன பிறகும் அவர் எழவில்லை. கண் திறந்திருந்தது. கிட்டே போய்க் குனிந்தேன்.

"ஆர்ட்டிஸ்ட்டு, என் காலு எங்க இருக்குதுன்னே தெரியல."

ஆளுக்கொரு கை கால் பிடித்து டெம்போவில் ஏற்றினோம். அப்படித் தூக்கவே கூடாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சேலத்தில் டாக்டர் கத்தினார். "யாருய்யா இவரை இப்படித் தூக்கிட்டு வந்தது?" அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உயிர் வரவில்லை.

3. எழுப்புங்க

ராவ் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மாதையன் விழுந்ததை எடுத்த கேசட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். நான் தொட மாட்டேன் என்றதும் வேறொரு ஆளை விட்டு டிரேஸ் எடுக்க வைத்தார். ஒரு வாரம் கழித்துச் சேட்டு வந்து பார்த்துவிட்டுக் கை தட்டினார்.

"சூப்பர்! ஆனா கேம்ல இவன் அடுத்த ரவுண்டுக்கு எந்திரிச்சு வருவான் இல்ல? எழுப்புங்க."

எழுந்திருப்பதைப் பார்த்து வரைய ரெஃபரன்ஸ் எங்கே இருக்கிறது? ராவ் என்னைப் பார்த்தார். "நீயே படுத்து எந்திரி. ஷூட் பண்ணிக்கலாம்."

அதே தரையில் மல்லாந்து படுத்தேன். சிமெண்ட் சில்லென்று இருந்தது. ஒரு கையை ஊன்றினேன், முழங்காலை மடக்கினேன், எழுந்து நின்றேன். இவ்வளவுதானா என்று இருந்தது. நின்றவன் அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். ராவ் பின்னாலிருந்து கன்னடத்தில் திட்டியது கேட்டது.

நேராக மாரண்டஹள்ளி பஸ் ஏறி மாதையன் வீட்டுக்குப் போனேன். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அனுப்பிவிட்டிருந்தார்கள். அவர் மனைவி உள்ளே கை காட்டினார். கட்டிலில் கிடந்தவரிடம், நடந்ததையெல்லாம் சொல்லி, வேலையை விட்டுவிட்டேன் என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது.

அவர் சொன்னது வேறு.

"என் ஒடம்பு எப்படி மடங்கும், எப்படி நிமிரும்னு உனக்குத்தான்டா தெரியும். அந்தப் படத்துலயாச்சும் நீ என்ன எந்திரிக்க வெச்சிருக்கலாம். அதயும் எவனுக்கோ வுட்டுட்டு வந்துட்டியா? போ, வூட்டுக்குப் போ."

படுக்கைப்புண் வைத்து அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். சேட்டின் கார்ட்டூன் கேசட்டும் வெளிவந்தது. அதில் விழுந்தவன் எழுந்திருப்பதை யாரோ மூன்றே படத்தில் முடித்திருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பாடம்தான். ரெஃபரன்ஸுக்காக ஒருவரை விழச் சொல்வதற்கு முன்னால், அதே தரையில் நீங்கள் ஒருமுறை விழுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் மூட்டை மாதிரியே வரையுங்கள். மூட்டை மாதிரி விழுந்த படத்தைப் பார்த்து இதுவரை யாரும் செத்ததில்லை.