நடுவில் விட்ட விரிசல்

என் அண்ணன் கொத்தனார். வேலை செய்கிற இடத்தில் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, ரசமட்டம் என்று பட்டப்பெயர். அவர் பூசிய சுவரில் மேடு பள்ளம் என்று யாரும் குறை சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தட்டை நேராக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கை வைப்பார். இம்மி பிசக மாட்டார். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை.

அப்பா போனதும் வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். பின்பக்கத்து நடு அறையை மட்டும், அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு என்று பொதுவில் விட்டார்கள். அண்ணன் தன் பாதிக்குக் கான்கிரீட் போட்டார். தம்பியின் பாதியில் பழைய ஓடுதான். இரண்டு கூரையும் அம்மாவின் ஜன்னலுக்கு மேலே வந்து முட்டின. அங்கே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் விழுந்தது.

போன வருஷம் அம்மாவைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி, மூச்சுத் திணறி, பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு முறை கொட்டினால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அதற்குள் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

மறுநாளே அண்ணன் வேலையை ஆரம்பித்தார். குழாய் வெளியே வரும் ஓட்டை, மின்கம்பி நுழையும் துளை, கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சம் எல்லாவற்றையும் அடைத்தார். காற்றுத் துவாரங்களுக்கு வலை அடித்தார். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனும் ஓடுகளுக்கு அடியில் கலவை வைத்து அப்பி, தன் பங்குக்குச் செய்தான். இரண்டு பக்கமும் எறும்பு நுழைய வழியில்லை. நடுவில் அந்த விரிசல் அப்படியே இருந்தது. மற்ற வழியெல்லாம் அடைபட்டதால் குளவிகள் அங்கேயே போக்குவரத்து வைத்துக்கொண்டன.

நான் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"அதையும் அடைச்சிட வேண்டியதுதானே?"

"அடைச்சா சுவர் என்னுதுன்னு சொல்றேன்னு கத்துவான். எனக்கெதுக்கு வம்பு? என் பக்கம் சுத்தமா முடிச்சுட்டேன்."

"வேற ஆளை வச்சு அடைக்கட்டுமா?"

"நான் இருக்கிற வீட்டுல இன்னொருத்தன் வந்து பூசுவானா? ஊர் சிரிக்கும்மா."

தம்பியிடம் போனேன்.

"அவர் கான்கிரீட் போட்டதாலதான்க்கா விரிசலே வந்துச்சு. அவரே அடைக்கட்டும். நான் கை வச்சா தப்பை நான் ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இருவரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன். சுவரிடம் பேசியிருக்கலாம். கடைசியில் நானே ஸ்டூலில் ஏறி, அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து விரிசலில் திணித்துவிட்டு வந்தேன். அண்ணன்தான் தன் எல்லைக்கு அடையாளமாகத் துணி செருகியிருக்கிறார் என்று நினைத்து, தம்பி அதைப் பிடுங்கிப் போட்டான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என்னோட வந்துடும்மா. இவங்க திருந்தட்டும், அப்புறம் வா" என்று அம்மாவையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"நான் இந்தப் பக்கம் கிளம்பினா, அந்தப் பக்கம் அறையைப் பங்கு போட்டுடுவானுங்க. நான் இருக்கிற வரைக்கும் இந்த ஒரு அறையாவது ஒண்ணா இருக்கட்டுமே" என்றாள் அம்மா.

ஒருநாள் காலை, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது குளவி கழுத்தில் கொட்டியது. தம்பி தன் வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அம்மா இல்லை. அண்ணன் அப்போது யாரோ வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தார். இருவரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அழுகை ஓய்ந்ததும் அறையைப் பங்கு போட்டார்கள். அண்ணனே நூல் பிடித்தார். ஜன்னல் இருக்கிற துண்டு அவருக்கு வந்தது.

அம்மாவின் பெட்டியை எடுத்துப்போக நான் வந்த அன்று, அவர் ஏணியில் நின்று அந்த விரிசலை அடைத்துக்கொண்டிருந்தார். கரண்டியால் நாலு இழுப்பு. எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இப்ப எதுக்குண்ணா அடைக்கிறீங்க?"

அவர் இறங்கி வந்து, சற்றுத் தள்ளி நின்று, தன் பூச்சை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இப்ப இது என் பக்கம் வந்துடுச்சும்மா" என்றார்.