இரண்டு பாக அகராதி

பொய் சொல்லி மாட்டிக்கொண்டும் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

நானும் சாமுவேல் அண்ணனும் சேர்ந்து ஒரு வேதாகம அகராதியை மெயின்லாண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் வரவழைத்திருந்தோம். முதல் பாகம் ஹேடோவில் என்னிடம். இரண்டாவது எதிர்க்கரை பேம்பூ பிளாட்டில் அவரிடம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாத்தம் படகுத்துறையில் போட் ஏறி, வார்த்தை தேட அவர் வீட்டுக்குப் போவேன். அண்ணி இறந்தபின் அவருக்குப் பேச்சுத்துணை அந்த மாலை மட்டுமே.

இதற்கிடையில் என் மகள், முழு அகராதியும் அடங்கிய செயலியை என் போனில் ஏற்றித் தந்துவிட்டாள். இனி நான் வரமாட்டேன் என்று அண்ணன் நினைத்துவிடுவாரே! நான் மூச்சு விடவில்லை.

அன்று ‘தேற்றரவாளன்’ தேடினோம். அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்: “பக்கத்தில் இருக்கும்படி அழைக்கப்பட்டவர்.”

போட்டில் வரும்போதே செயலியில் அதைப் படித்துவிட்டிருந்த நான், “அச்சா!” என்று வியந்தேன். நடிப்பு கொஞ்சம் அதிகம்.

அப்போது செயலியின் தினவசன மணி அடித்தது. என் சட்டைப்பையில் ஒன்று. அவர் தலையணைக்கடியில் இருந்த போனில் இன்னொன்று. அதே மணி.

இருவரும் சுவரைப் பார்த்தோம்.

“என்னவே சத்தம்?”

“போட் ஹார்னா இருக்கும், அண்ணே.”

“டீக் ஹை, சரி. அடுத்த வாரம் எந்த வார்த்தை பாக்கணும்?”

பொய் பாவம்தான், தெரியும். ஆனாலும் அடுத்த ஞாயிறும் போட் ஏறினேன், கனமான முதல் பாகத்தைச் சுமந்துகொண்டு.