ஃபுஜி மலையில் நான் சுமந்த பை

பட்டுக்கோட்டைக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரில் தரை மட்டமாகவே கிடக்கும். கோயில் கோபுரத்தையும் தென்னையையும் விட்டால் நிமிர்ந்து பார்க்க ஒன்றும் கிடையாது. அதனாலோ என்னவோ, ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், விடுதி ஜன்னலுக்கு வெளியே ஃபுஜி மலை வெள்ளையாக நின்றதைப் பார்த்து நாங்கள் இருவரும் பல் துலக்குவதை மறந்து அப்படியே நின்றுவிட்டோம்.

இருவர் என்றால் நானும் என் நண்பனும். ஒரே தெரு, ஒரே ஐடிஐ. கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஊரில் மனைவியும் நான்கு வயது மகளும் இருந்தார்கள்.

அந்த மலை அங்கே சாமி. அதன் உச்சியில் கோயில் உண்டு. வெள்ளை உடுத்தி, கையில் தடியோடு வயதானவர்கள் ஏறுவார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் கலர் கலராகச் சட்டை போட்ட மலையேற்றக்காரர்கள் போவார்கள். வெள்ளியங்கிரியை மூன்று முறை ஏறியிருந்த என் நண்பனுக்கு அந்தத் தடியைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"வெள்ளியங்கிரி ஏறின காலு மாப்ள இது. இந்த மலை என்ன செஞ்சிரும்?" என்றான்.

ஜப்பானிய மொழி பேசவும் படிக்கவும் வந்துவிட்ட மூன்றாம் வருஷம், ஆகஸ்ட் விடுமுறையில் கிளம்பினோம். அதற்காகவே அவன் நீல நிறத்தில் ஒரு ரெயின்கோட் வாங்கி, அறையிலேயே போட்டுப் பார்த்து, மனைவிக்குப் போட்டோ அனுப்பினான்.

உச்சி வரைக்குமான பாதையைப் பத்து நிலையங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; பேருந்து ஐந்தாம் நிலையம் வரை போகும். அங்கே ஆளுக்கொரு தடி வாங்கிக்கொண்டு நடந்தோம். வெயில் அடித்தது. ஒவ்வொரு நிலையத்திலும் தடியில் பழுக்கக் காய்ச்சிய முத்திரை குத்திக்கொண்டோம். ஏழாம் நிலையம் தாண்டியதும் அவனுக்குத் தலைவலி வந்தது. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும் என்று படித்திருந்தோம், ஆனால் அது நம்மையும் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. அவன் பையை வாங்கி என் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டேன். எட்டாம் நிலையத்தில் வாந்தி எடுத்தான். அங்கிருந்த குடிலின் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"கீழ போயிருவமா?" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்கு? நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

நான் போனேன். அவன் பை என் தோளில்தான் இருந்தது. அவனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வானத்தில் மேகம் இல்லை.

உச்சியில் மர வாசலைத் தாண்டிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி மூட்டம் ஏறியது. பிறகு மழை, காற்று. என் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எட்டாம் நிலையத்தில் பெஞ்ச் காலியாக இருந்தது. குடிலில் இருந்தவர், மழை தொடங்கியதும் அவன் இறங்கிப் போய்விட்டதாகச் சொன்னார். ஐந்தாம் நிலையத்தில் இருப்பான் என்று நம்பி ஓடினேன். அங்கே அவன் இல்லை. போன் எடுக்கவில்லை. போலீசிடம் போனேன்.

மறுநாள் காலையில் கண்டுபிடித்தார்கள். எட்டாம் நிலையத்துக்குக் கீழே இறங்கு பாதை இரண்டாகப் பிரிகிறது. அவன் மறுபக்கத்துப் பாதையில் இறங்கி, அதிலிருந்தும் விலகி, ஒரு பாறைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடிபடவில்லை. குளிரில் போய்விட்டான்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து அவனோடு நானும் ஆம்புலன்சில் வந்தேன். அவன் அப்பா என்னை ஓரமாக அழைத்தார்.

"சாமி மலைன்னு சொன்னாங்களே. என்ன சாமி?"

"பொம்பள சாமி சித்தப்பா. உச்சியில கோயில் இருக்கு."

"கும்பிட்டானா?"

"அதுவரைக்கும் வரலைங்க."

நான் கும்பிட்டதைச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவன் பையை அவன் மனைவியிடம் கொடுத்தேன். அதற்கு முன்பே ரெயின்கோட்டை எடுத்து என் பெட்டியில் வைத்துவிட்டேன். மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது அது. அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"புதுசா ரெயின்கோட் வாங்கினதா போட்டோ அனுப்பினாங்களே, அண்ணே. அது இல்லையே?"

"போட்டிருந்தாம்மா. அதோடதான் இருந்தான்."

தலையாட்டினாள். போட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்ததை முகத்தில் பார்த்தேன்.

நான் ஜப்பானுக்குத் திரும்பவில்லை. அப்பாவோடு வயலில் இறங்கினேன். ஒரு வருஷம் கழித்து அவள் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு தடித்த கவரை நீட்டினாள். தூதரகம் வழியாக வந்த போலீஸ் அறிக்கையின் நகல், முழுக்க ஜப்பானிய மொழியில்.

"இந்தப் பக்கத்துல இத படிக்கத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். ஒரு வரி விடாம படிங்கண்ணே."

முதல் பக்கத்தில் பெயரும் வயதும் இருந்தன. இரண்டாம் பக்கத்தில், நான் கொடுத்த வாக்குமூலத்தையும் வைத்து அவர்கள் எழுதிய விவரம். போலீசிடம் நான் பொய் சொல்லியிருக்கவில்லை. ரெயின்கோட் பற்றிய வரி வந்தது. தாண்டிப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது, யாருக்குமே தெரிந்திருக்காது. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறந்தவர் உடலில் மெல்லிய சட்டை மட்டும் இருந்தது. அவருடைய மழை உடை, உடன் வந்தவர் சுமந்த பையில் இருந்தது" என்று படித்தேன்.



"போட்டிருந்தாருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அது இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியலம்மா. பொழச்சிருக்கலாம்."

"மிச்சத்தையும் படிங்க" என்றாள்.

படித்தேன். எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் முகம் திரும்பியிருந்தது, கையில் தடி இருந்தது, எல்லாம். முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த ரெயின்கோட்ட கொண்டாந்து குடுத்துருங்க."

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவருகிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

இப்போது மாமனாரோடு சேர்ந்து நிலத்தை அவளே பார்க்கிறாள். வாய்க்காலில் என் வயலுக்கு அடுத்தது அவளுடையது. தண்ணீர் முறை வரும் நாளில் அந்தப் பெரியவர் வந்து மடையில் நிற்பார். அவள் வருவதில்லை. நான் மண்ணை வெட்டி என் மடையை அடைத்துவிட்டு, "தண்ணி வருது சித்தப்பா" என்பேன். அவர் சரி என்பார். அதற்கு மேல் நாங்களும் பேசுவதில்லை.