சாய்ந்த பாக்கெட்டும் ஒரு ஸ்பானியச் சொல்லும்

காலை 7.10. காந்திபுரத்தில் திருப்பூர் பேருந்து ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், பதினேழு ரூபாய். அப்போது நான் கோவையில் நாலைந்து பேருக்கு ஸ்பானிய மொழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஒரு பின்னலாடைக் கம்பெனி முதலாளி அழைத்து, "ஒரே ஒரு வார்த்தைங்க மேடம், வந்து இங்கிலீசுல சொல்லிட்டுப் போயிருங்க" என்றிருந்தார். போனிலேயே சொல்கிறேன் என்றதற்கு, நேரில் பார்த்தால்தான் நம்பிக்கையாம்.

8.50. பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி வேலம்பாளையத்துக்கு ஆட்டோ கேட்டேன். ஓட்டுநர் அறுபது ரூபாய் பேசி முடித்துவிட்டு, "நீங்க வந்த வழிதானுங்க. அனுப்பர்பாளையத்துலயே எறங்கியிருக்கலாமுங்களே" என்றார். முதலாளிக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. வந்த வழியே திரும்பினேன்.

9.20. முதலாளியின் மேஜையில் ஒரு குழந்தைச் சட்டை. ஸ்பெயினிலிருந்து வந்த வரைபடத்தில் நேராக இருந்த பாக்கெட்டை, செல்வராணி என்ற, மாதிரிச் சட்டை தைக்கும் சாம்பிள் டெய்லர், குழந்தையின் கை நுழைய வசதியாக, யாரையும் கேட்காமல் சாய்த்துத் தைத்திருக்கிறார். இதே போல இன்னொரு சட்டை ஸ்பெயின் போய், ஆர்டர் கொடுக்கும் அம்மாளிடமிருந்து பதிலுக்கு ஆங்கிலத்தில் ஃபேக்ஸ் வந்திருந்தது, ஒரு சொல் மட்டும் ஸ்பானியத்தில்: 'பாக்கெட் தைத்தவருக்கு என்ன அத்ரெவிமியென்தோ! இது பற்றிப் பேச வேண்டும்.'

ஆர்டர்களைக் கவனிக்கும் கார்த்தி கம்ப்யூட்டர் அகராதியில் தேடியிருக்கிறார். போல்ட்னெஸ் என்றும் இருந்தது, இன்சொலன்ஸ் என்றும் இருந்தது; முதலாவது பாராட்டு, இரண்டாவது வசவு. சூப்பர்வைசர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, முந்தின நாள் மாலையே செல்வராணியை எல்லார் முன்னாலும் திட்டி வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

"ரெண்டுல எதுங்க?" என்றார் முதலாளி.

"இரண்டும் உண்டு. எழுதிய அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்."

"அதுக்கு உங்கள எதுக்குங்க கூப்பிட்டோம்?"

ஸ்பெயினில் ஒன்பது மணியாக இங்கே பன்னிரண்டரை ஆகும். அதுவரை மூன்று டீ வந்தது. ஒவ்வொரு டீயோடும் அதே கேள்வியும் வந்தது. போல்ட்னெஸ் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை மிஞ்சும். அது தப்பானால் ஆர்டர் போகும். தாளில் நாலு ஆங்கிலச் சொற்கள் எழுதி நாலையும் அடித்தேன்.

12.40. போன் போட்டால், அந்த அம்மாள் காப்பி குடிக்கப் போயிருந்தார். 1.15க்குக் கிடைத்தார்.

"கேட்காமல் மாற்றியது திமிர்தான்," என்றார் ஸ்பானிய மொழியில். "ஆனால் என் மகன் அந்தச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். எல்லாச் சட்டையிலும் பாக்கெட்டைச் சாய்த்தே வையுங்கள். அடுத்த தடவை கேட்டுவிட்டுச் செய்யட்டும்."

"அப்படியானால் எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள்?"

"இரண்டிலும்தான்! அதற்குத்தானே அந்த வார்த்தை?" அவருக்கும் எரிச்சல் வந்துவிட்டது.

பேசியதை முதலாளியிடம் சொன்னேன்; அவருக்கு இன்னும் அந்த ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் வேண்டியிருந்தது. இரண்டு அர்த்தமும் தரும் 'நெர்வ்' என்று எழுதிக் காட்டினேன். கார்த்தி, "நரம்புங்களா மேடம்?" என்றார். அதையும் அடித்தேன்.

2.30. செல்வராணியைக் கூப்பிடப் போன ஆள் தனியாகத் திரும்பினார். வாசலுக்கு வாசல் 'டெய்லர் தேவை' அட்டை தொங்கும் ஊரில் அவர் வீட்டிலா உட்கார்ந்திருப்பார்? காலையிலேயே இரண்டு தெரு தள்ளி வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். விளக்கிச் சொல்ல நானும் வர வேண்டும் என்றார் முதலாளி.

டீ இடைவேளையில் செல்வராணி வாசலுக்கு வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்தம்மா என்னைய வையுறாகளா, மெச்சுறாகளா?" என்றார்.

"இரண்டும்."

"இங்க வசவு மட்டுந்தான் கெடைச்சுது."

"நாளைக்கு வந்துரு கண்ணு," என்றார் முதலாளி.

"வாரேன் சார். சூப்பர்வைசர் எல்லாரு முன்னாடியும் வஞ்சாரு. அதே மாதிரி எல்லாரு முன்னாடியும் வான்னு கூப்பிடட்டும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம், என்ன தைரியம்!" முகம் சிவந்திருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க அவர் படாதபாடு பட்டார். "சரி, வா. அவனக் கூப்பிடச் சொல்றேன்."

மாலை 4.20. கோவைப் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: முதலாளி வாயிலிருந்து வந்த 'என்ன தைரியம்'தான் அந்த வார்த்தை. காலையிலிருந்து அதைத் தமிழில் சொல்லும்படி யாருமே என்னிடம் கேட்கவில்லை.