அண்ணன் பிரித்து வைத்த வண்டி

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். உங்களில் பாதிப் பேராவது அன்று எங்கள் வீட்டு வாசலில், பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். அந்த டீயில் ஏதோ எண்ணெய் வாடை அடித்ததாகப் பிறகு சிலர் சொன்னார்கள். அடித்தது உண்மைதான். வாழ்க்கை வரலாறு எழுது என்று தங்கையாகிய என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். எழுதுகிறேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் அந்த டீக் குவளைகளிடம்தான் வந்து நிற்கிறேன்.

மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம், விருத்தாசலத்திலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய ஒரு சின்ன ஊரில் அண்ணன் பிறந்தார். அவர் பத்தாவது முடித்த வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். ரிசல்ட் வந்த தாளை மடித்து வைத்துவிட்டுப் பீங்கான் கம்பெனியில் மண் பிசையப் போனார் அண்ணன். பிறகு சூளைக்கு மாறினார். சூளைக்கே மேஸ்திரி ஆனார். அந்த அனலில் நின்றுதான் என்னை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தார், பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்தார். என் பிரசவத்தின்போது என் வீட்டுக்காரருக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றவரும் அவர்தான். இதையெல்லாம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் நன்றி என்று வாயைத் திறந்தால், "ஏ பாப்பா, போயி டீ போட்டு எடுத்துனு வா" என்பார்.

அந்த டீயைக் கோணல் குவளையில்தான் கொடுக்க வேண்டும். சூளையில் வெந்து வரும்போது கைப்பிடி திரும்பியது, வாய் நெளிந்தது, மேல்பூச்சு கொப்புளித்தது என்று கழிவில் ஒதுக்கும் உருப்படிகளை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "தீயில நின்னு வந்துட்டு குப்பைக்குப் போவணுமா" என்பது அவர் நியாயம். எங்கள் வீட்டில் நேரான கைப்பிடி உள்ள குவளை ஒன்றுகூடக் கிடையாது. புதிதாக வந்த விருந்தாளிகள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தவிப்பதை நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ரைஸ் மில்லின் பின்புறம் கோழி அடைந்துகொண்டிருந்த கறுப்பு அம்பாசிடர் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு, "இது எந்த வண்டின்னு தெரியுதா? நம்ம கல்யாணத்துல பொண்ணு அழைப்புக்கு உன்ன ஏத்தினு வந்த வண்டி" என்றார்.

அண்ணி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏங்க, அது வெள்ளை வண்டி. இது கறுப்பு."

"பெயின்ட் அடிச்சிருப்பான்."

"அடிச்சான், போங்க."

இந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. பிடிவாதத்தில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அண்ணியும் லேசுப்பட்டவர் இல்லை. கோயிலுக்குப் போகும்போதும் அதே பேச்சு, திரும்பி வரும்போதும் அதே பேச்சு. பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. இன்று அந்தப் பேச்சைக் கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அண்ணனுக்கு ஹாரன் அடிப்பது பிடிக்காது. தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டதும் அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கேட்டின் இரண்டு கதவையும் திறந்து பிடித்துக்கொள்வார். அண்ணன் நிற்காமல் உள்ளே வருவார். எத்தனையோ வருஷம் இது இப்படியே நடந்தது.

போன வருஷம் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. பட்டறைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்டு, பானெட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்தார். போனில் வீடியோ பார்ப்பார். அதில் பேசுகிறவன் இந்தியில் பேசுவான். அண்ணனுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே பார்ப்பார். கழற்றிய நட்டு, போல்ட்டை எல்லாம் இந்தக் கோணல் குவளைகளில் போட்டு அலமாரியில் வரிசையாக வைத்தார். எதன்மேலும் பேர் எழுதவில்லை. கைப்பிடி திரும்பியது கார்புரேட்டருக்கு, கொப்புளம் போட்டது ரேடியேட்டருக்கு, வாய் நெளிந்தது டைனமோவுக்கு. எல்லாம் அவர் மனசுக்குள் இருந்தது. அண்ணி டீ கொண்டுபோனால், "அந்தக் கோண மூஞ்சியத் தொடாத" என்று சத்தம் வரும்.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் கழற்றியதைத் திரும்பச் சேர்ப்பதைப் 'பூட்டுறது' என்பார்கள். அண்ணனும் அப்படியே பேசப் பழகிவிட்டார். "எல்லாத்தையும் பூட்டி முடிச்சிட்டு உனக்கு ஒன்னு காட்டுறேன்" என்று அண்ணியிடம் அடிக்கடி சொல்லுவார். என்ன என்று கேட்டால் சிரிப்பார்.

ஒரு சாயங்காலம் எஞ்சினைச் செயின் கட்டி இறக்கி உட்கார வைத்துவிட்டார். மற்றதெல்லாம் நாளைக்கு என்று கை கழுவினார். மறுநாள் காலை குளித்துவிட்டு டீக்கு உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அன்று நானும் அங்கே வந்திருந்தேன். எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றினோம். கடலூர் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கையெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தேன். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எதிர்வீட்டு வசந்தாதான் டீ போட்டுக் கொண்டுவந்தார். கூட்டம் சேரச் சேரக் குவளை போதவில்லை. அவர் எங்கள் வீட்டுக் குவளைகளைத் தேடிக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போனார். அலமாரி நிறையக் குவளை இருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று உள்ளே கிடந்ததை எல்லாம் ஒரு பக்கெட்டில் கொட்டினார், நன்றாகத் தேய்த்துக் கழுவினார், உங்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த வாடை அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகுதான் அண்ணி கொட்டகைக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பக்கெட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அங்கேதான் வெடித்தது. "எந்தக் குவளையில எதப் போட்டாருன்னு கேட்டுக் கேட்டு எனக்கும் தெரியும் பாப்பா. ஆனா கொட்டி வெச்சா எது எதுன்னு தெரியலியே. பிரிச்சவரு போயிட்டாரு. இனிமே யாரு பூட்டுறது?"

வசந்தா ஓடிவந்தார். "எனக்கு என்னாங்க தெரியும், அழுக்குக் குவளைன்னு நெனச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை யார் என்ன சொல்ல முடியும்? அன்று எங்கள் வீட்டுக்கு வந்த ஜனத்துக்கு டீ கொடுத்த கை அது.

அண்ணன் மகன் முரளி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். "இத எடைக்குப் போட்டுடலாம் அத்தை. அம்மா தினமும் இதப் பாத்துப் பாத்து அழுவுறாங்க" என்றான். நானும் அதுதான் சரி என்றேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன்னு காட்டுறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அது என்னான்னு தெரியாம இந்த வூட்ட வுட்டு வண்டி போவாது. தெவசத்துக்குள்ள பூட்டி ஓட வெச்சுக் குடு. அப்புறம் எங்க வேணா குடுத்துக்க" என்றார்.

அதற்குப் பிறகு முரளி வாரம் தவறாமல் ரயிலேறி வந்தான். ஜங்ஷன் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த அண்ணனின் நண்பர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், அவனுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தார். "எனக்கு லாரிதான்பா தெரியும், இது எலிக்குஞ்சு மாதிரி இருக்குது" என்று புலம்பிக்கொண்டேதான் எல்லாம் செய்தார். வசந்தா தன் வீட்டு முறத்தைக் கொண்டுவந்தார். அரிசியில் கல் பொறுக்குவதுபோல நாங்கள் மூன்று பெண்களும் நட்டு வேறு, போல்ட்டு வேறு, வாஷர் வேறு என்று பொறுக்கினோம். நீளம் பார்த்து, பருமன் பார்த்து, எந்த ஓட்டையில் போகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். தப்பாகப் பூட்டிய ரேடியேட்டரை எத்தனை தரம் கழற்றினார்களோ. ஒருநாள் முரளி ஸ்பானரை வீசிவிட்டு, "அப்பா ஒரு பேராவது எழுதி வெச்சிருக்கலாம்ல" என்று வண்டியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். பாய் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அண்ணி வாய் நெளிந்த குவளையில் அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் மிச்சமிருந்தது பேட்டரியை உட்கார வைக்கும் தட்டு. எஞ்சின் இருக்கும் இடம் முழுக்க அண்ணன் ஏற்கெனவே சுரண்டிச் சுத்தம் செய்து புதுசாகக் கறுப்பு அடித்திருந்தார். தட்டு உட்காரும் இடத்தில் மட்டும் பழைய செய்தித்தாளைக் கத்தரித்து ஒட்டியிருந்தது. பெயின்ட் அடிக்கும்போது ஒட்டியதை எடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்து முரளி உரித்தான்.

அடியில் வெள்ளை. உள்ளங்கை அகலத்துக்குப் பழைய வெள்ளைப் பெயின்ட். அதை மட்டும் சுரண்டாமல், நன்றாகத் துடைத்து, கறுப்பு படாமல் மூடி வைத்திருக்கிறார்.

அண்ணி குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாந்தான் தோத்தேங்க" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னார். அந்தக் காலத்தில் ஊரில் பாதி வண்டி வெள்ளைதான், அது இதுதான் என்று யாரால் சொல்ல முடியும்? வழக்கம்போல அண்ணி அதைச் சொல்லிச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

வெள்ளையின்மேலேயே தட்டை வைத்துப் பூட்டினார்கள். பேட்டரி வைத்து வயரைக் கொடுத்தார்கள். முரளி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கொஞ்ச நேரம் இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. அதே சத்தம். பாய் இரண்டு கையையும் தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னார். வசந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது சமையலறையிலிருந்து அண்ணி வேகமாக வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. நேரே வாசலுக்குப் போய், கேட்டின் இரண்டு கதவையும் திறந்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நின்றார்.

முரளி எஞ்சினை நிறுத்தப் போனான். நிறுத்தாதே என்று நான் கை காட்டினேன். அண்ணி அங்கேயே நின்றார். வெகுநேரம் கழித்துத் திரும்பி, "வண்டி உள்ளதான் இருக்குதா?" என்று என்னைக் கேட்டார். இருக்குது அண்ணி என்றேன். சரி என்று தலையாட்டினார். கேட்டை மட்டும் சாத்தவில்லை.

துக்கத்தில் துணை நின்ற தெருக்காரர்களுக்கும், ஆட்டோ ஓட்டி வந்த எதிர்வீட்டுப் பிள்ளைக்கும், அண்ணனோடு சூளையில் நின்று, அவரைத் தோளில் சுமந்து போனவர்களுக்கும், பாய்க்கும், வசந்தாவுக்கும் எங்கள் குடும்பம் பட்ட கடன் தீராது. அன்று அந்த டீயை முகம் சுளிக்காமல் குடித்த உங்கள் எல்லாருக்கும் கும்பிடு. அது அண்ணன் கை பட்ட வாடை, மன்னித்துவிடுங்கள்.

தெவசத்தன்று வாருங்கள், சாப்பிட்டுப் போங்கள். டீ அதே குவளைகளில்தான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். அண்ணி திறந்து வைத்தது, அப்படியே இருக்கட்டும்.