லாபத்தைக் குறைத்த ஆடிட்டர்

திருச்சி உறையூருக்குள் ஆளுயர வெள்ளம் புகுந்ததே, அந்த வருஷம்தான் பொன்மலைப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த இரும்பு வார்ப்புப் பட்டறையை மூடினார்கள். போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்து, ஆடிட்டர் நரசிம்மன் சார் காலமாகிவிட்டார் என்றதும் அந்த வருஷம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அவரை டெல்லியில் பெரிய தலைவராக அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

பட்டறையை மூடியபோது எங்களுக்கு கிராஜுவிட்டி தர முதலாளியிடம் காசில்லை. முந்தின வருஷக் கணக்கிலோ லாபம் என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் சார். கூட வேலை பார்த்த சவரிமுத்து, காதர், நான் மூவரும் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அவர் வீட்டுக்குப் போனோம்.

"லாபம்னு கையெழுத்து போட்டீங்களே சார், எங்க கிராஜுவிட்டி அதுல எங்க இருக்கு?" என்றார் சவரிமுத்து.

அவர் மழுப்பவில்லை. "கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கு. கொடுக்கறப்போ செலவு எழுதினாப் போறும்கறது வழக்கம். வழக்கப்படி சரி. ஆனா கணக்கு பொய்."

எங்களுக்குப் பணம் வரவில்லை. கம்பெனிகள் எப்படிக் கணக்கு எழுத வேண்டும் என்று விதி வகுக்கும் டெல்லிக் குழுவில் அவர் சேர்ந்து, பிறகு அதற்கே தலைவரானார். கிராஜுவிட்டி விதியை எழுதியதும் டவுன் பஸ் பிடித்து நாங்கள் குடியிருந்த எடமலைப்பட்டி புதூர் வந்து, எங்கள் மூவருக்கும் தமிழில் சொன்னார். தொழிலாளி உழைக்கிற வருஷமே, அவனுக்குச் சேர வேண்டியதைக் கம்பெனி தன் கணக்கில் கடனாக எழுதிவிட வேண்டும்.

"முதலாளிங்க ஒத்துக்குவாங்களா?" என்றேன்.

"மாட்டா. லாபம் குறையுமே. குறையட்டும், அது அவா லாபமே இல்லையே."

"இதால எங்க பணம் வருமா சார்?" என்றார் காதர்.

"வராது பாய்."

"அப்ப டீயாவது வாங்கிக் குடுங்க."

சார் சிரித்துவிட்டு நான்கு டீ சொன்னார்.

டெல்லிக் கூட்டத்தில் பெரிய கம்பெனிக்காரர்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டால் போதாதா என்று மல்லுக்கு நின்றார்கள். சார் எங்கள் பட்டறையின் பழைய கணக்கை மேஜைமேல் வைத்தார். "அப்படிக் குறிப்பாப் போட்டவன் நான்தான். மூணு பேரை வெறுங்கையோட அனுப்பினேன்." தன் தப்பைத் தானே காட்டினால் தலைவர் பதவி போய்விடும் என்று கூட இருந்தவர்கள் பயந்தார்களாம். போகவில்லை. விதி நிறைவேறியது.

இரண்டு வருஷம் முன்பு என் மகன் வேலை பார்த்த கம்பெனியும் மூடியது. வருஷாவருஷம் கணக்கில் ஏற்றி ஒதுக்கி வைத்திருந்ததால் அவன் கிராஜுவிட்டி முழுசாக வந்தது. சாருக்குப் போன் போட்டேன். "ஒரு ரூபா குறையலையே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்ன விதி எனக்கு வரிக்கு வரி பாடம். யார் கேட்டாலும் நிறுத்தாமல் சொல்வேன். சவரிமுத்து போனார், காதர் போனார், இப்போது சாரும். உத்தர வீதி வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்களில் மிச்சம், பட்டறையில் வார்ப்பு அச்சு செய்த மோல்டர் மாணிக்கமாகிய நான் மட்டும்தான்.